ப்ளூ ஜாகர் கேட்கும் முன்

கோபாலபுரம், மயிலாப்பூர் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு எடுப்பதென்றால், பெரியவர்கள் முதலில் கேட்பது “ப்ளூ ஜாகர்தானே?” என்றுதான். நீலம் ஓடினால்தான் அசல், அதுதான் உசத்தி என்ற நம்பிக்கை தலைமுறைகளாக வேரோடியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கம் தந்த பெயர் அது. நீலச் சாயலுள்ள வெள்ளைக் கற்களுக்குப் பேர்போன அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும் கற்கள். வைரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றாவது ஓரளவுக்கு இப்படி ஒளிரும். எனவே இது அபூர்வமும் அல்ல, அசலுக்குச் சாட்சியும் அல்ல.

கெடுதலும் அல்ல. லேசான மஞ்சள் சாயல் கொண்ட கல்லை இந்த நீலம் சற்று வெளுப்பாகக் காட்டும். ஆனால் டி, ஈ, எஃப் என்று தரமிட்ட நிறமற்ற கற்களில் ஒளிர்வு பலமாக இருந்தால் உலகச் சந்தையில் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். அங்கே விலை குறையும் குணத்துக்கு இங்கே கூடுதல் பணம் கொடுப்பது வீண். சான்றிதழில் ‘ஃப்ளோரசன்ஸ்’ என்ற வரியைப் படித்துவிட்டு, கல்லைக் கடைவாசலில் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பால் கலந்தாற்போல் மங்கித் தெரிந்தால் வேண்டாம்.

அடுத்த கேள்வி, “எத்தனை சென்ட்?” நூறு சென்ட் ஒரு காரட்; அது 0.2 கிராம். எடைதான் எல்லாம் என்ற எண்ணத்துக்குச் சென்னையின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை கவர்னர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 பகோடா பொற்காசுகளுக்கு வாங்கிய கல் 410 காரட். லண்டனில் பட்டை தீட்டியபின் மிஞ்சியது சுமார் 141. மூன்றில் இரண்டு பங்கு போயும், பிட் கொடுத்ததைப் போல ஆறு மடங்குக்கும் மேலான விலைக்கு 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதி அதை வாங்கினார். இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டைதான் ஜொலிப்பு. அது சரியில்லாத கல்லில் எடையெல்லாம் அடிவயிற்றில் ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் கல் சின்னதாகவும் நடுவில் இருண்டும் தெரியும். பின்பக்கம் தங்கத்தால் மூடிய தோட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். பதிப்பதற்கு முன்பே ஏழு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஹால்மார்க் இருந்தால் கல்லுக்கும் உத்தரவாதம் என்று பலர் நம்புகிறார்கள். பி.ஐ.எஸ். முத்திரையும் ஆறெழுத்து எச்.யூ.ஐ.டி.யும் தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும். வைரத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், லென்ஸில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடலாம். பில்லில் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

டெஸ்டர் கருவி ‘பீப்’ என்றால் பூமியில் விளைந்த வைரம் என்பதும் தவறு. வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கருவிகள், வைரம்போல் தெரியும் மொய்சனைட் கல்லிடமே ஏமாறும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லோ வேதியியல்படி வைரமேதான். அதை வளர்க்கும் ஆராய்ச்சிக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸில் மத்திய அரசு நிதியில் ஒரு மையமே இருக்கிறது. விலை மட்டும் இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு. கல் இயற்கையா, வளர்த்ததா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.