ஏரிக்கரையில் ஓடட்டும் நம்ம சைக்கிள்!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கடன் தவணை மூன்று நாள் தாமதமாகக் கட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்குப் பொருளாளர் அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பேங்க் ஆறு கிலோமீட்டர் மேடம். பஸ் நிக்கிற இடத்துக்கே ஏரிக்கரை மேல ரெண்டரை கிலோமீட்டர் நடக்கணும். மகன் வண்டியில கொண்டு விட்டாத்தான் உண்டு. அவன் வெளியூர் போயிட்டான்."

"வீட்டில் சைக்கிள் இல்லையா?" என்றேன்.

"இருக்கு. மக பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்துல குடுத்தது. அவ காலேஜ் போயிட்டா. இப்ப மாட்டுக் கொட்டகையில சாஞ்சு கிடக்கு. எனக்கு நாப்பத்தோரு வயசு. இனிமேலா கத்துக்கிறது? அதுவும் அந்தக் கரை ரோட்டுல?"

இந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த மாதப் பாடம்.

2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. நமக்குப் பெரிய உதவிதான். ஆனால் பஸ் ஏரிக்கரைக்கு வராது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் உள்ள அந்த ரெண்டு, மூணு கிலோமீட்டருக்குத்தான் நாம் இன்னும் அடுத்தவரை எதிர்பார்த்து நிற்கிறோம்.

பக்கத்து மாவட்டத்துப் பாடம்

திருச்சிக்குத் தெற்கே இருக்கிறது புதுக்கோட்டை. 1974-ல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரிந்த மாவட்டம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்றுக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது.

கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி மாணவிகள் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கேலி பேசியவர்களும் உண்டு. 1992-ல் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் கூடித் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். "முன் பார்ல பிள்ளைய உட்கார வைக்கலாம்" என்று அதையே விரும்பிய தாய்மார்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அங்கே நேரில் போய்ப் பார்த்து இதை எழுதினார். தண்ணீர்க் குடம், காய்கறி மூட்டை, பிள்ளை என்று எல்லாம் சைக்கிளில் போனதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேருவதில் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

இன்னொரு செய்தி. இப்போது வெளிநாட்டிலும் நம் நகரங்களிலும் "கிராவல் பைக்" என்று ஒரு சைக்கிள் விற்கிறார்கள். சரளை ரோடு, மண் பாதை, காட்டு வழியில் ஓட்டுவதற்கென்றே கொஞ்சம் அகலமான டயர் போட்டது. விலையும் அதிகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் இதற்குப் பெரிய போட்டியே நடக்கிறது. சரளை ரோட்டில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர்! பணம் செலவழித்து அவர்கள் தேடிப் போகிற ரோடு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. "ரோடு சரியில்ல" என்று நாம் பயப்படுகிறோம். மண் ரோட்டில் ஓட்டுவது ஒரு தனித் திறமை. கற்றுக்கொண்டால் வரும்.

சைக்கிளைத் தயார் செய்வோம்

1. கொட்டகையில் கிடந்த சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா, ஹேண்டில் பார் ஆடுகிறதா என்று கடையில் காட்டுங்கள்.

2. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரலும் தரையில் படவேண்டும். முதல் ஒரு வாரம் பெடல் வேண்டாம். லேசான சரிவில் காலால் உந்தி உந்திப் போங்கள். பேலன்ஸ் வந்துவிடும்.

3. மண் பாதைக்கு டயரில் காற்றைக் கல் மாதிரி அடிக்கக்கூடாது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். ஆனால் கேரியரில் பாரம் ஏற்றும் நாளில் நன்றாக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் ரிம் இடித்து டியூப் வெட்டிவிடும்.

4. நம்ம ஏரிக்கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்ட ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். பம்ப், ஒட்டுத் துண்டு, சொலூஷன், உப்புத்தாள் போதும். ஒட்டியபின் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் மறுபடியும் குத்தும்.

5. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகுங்கள். முந்தானையை இடுப்பில் கட்டுங்கள். செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலையும் அவசியம்.

பாதைக்குத் தகுந்தபடி ஓட்டுவோம்

சரளையில்: ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கண் முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, பத்தடி தள்ளிப் பார்க்க வேண்டும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்னாலேயே குறையுங்கள், திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீர்கள்.

மணலில்: முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கும். மணல் ஆழமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஏரிக்கரையில்: நடுவிலேயே போங்கள். கரை ஓரம் மழையில் அரித்து உள்ளே பொள்ளலாக இருக்கும். மதகு, கலிங்கு பக்கம் இறங்கி நடங்கள். கலிங்கில் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் சைக்கிளோடு கடக்கவே கூடாது. பாசி வழுக்கும்.

நம்ம ஊர் வழிகள்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. மேற்கே முக்கொம்பில் ஆறு பிரிகிறது. அங்கே உள்ள மேலணை 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. கிழக்கே கல்லணை. ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர்ப் பக்கம் போனால் வாழைத் தோப்பு, வாய்க்கால், அப்புறம் மேலணைக் காப்புக்காட்டில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமதரை. புதிதாகக் கற்றவர்கள் பழக நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை காலை குழுவாகப் போய் வரலாம். வாழைத்தார் ஏற்றிய வண்டி வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள்.

தெற்கே உய்யக்கொண்டான் வாய்க்கால் இருக்கிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் புகுந்து, வழியில் பல குளங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிறது. இப்படி ஏரியும் வாய்க்காலும் சேர்ந்த ஊர்களில் கரைதான் குறுக்குவழி.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். மேற்கே போகிற வேலையைக் காற்று ஏறுவதற்கு முன், காலையிலேயே தொடங்குங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கரை சைக்கிளுக்கு ஆகாது, சுற்றாக இருந்தாலும் தார் ரோடுதான். காட்டோரப் பாதையில் பொழுது சாய்ந்தபின் தனியாகப் போகவேண்டாம்.

இந்த மாதக் குழுப் பயிற்சி

கூட்டத்தன்று தரையில் கோலமாவால் உங்கள் ஊர் வரைபடம் போடுங்கள். வங்கி, ரேஷன் கடை, சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு பேசுங்கள்:

• எந்தப் பாதையில் எந்த மாதம் சைக்கிள் போகும்?
• எங்கே முள், எங்கே மணல், எங்கே வெளிச்சம் இல்லை?
• நம் குழுவில் எத்தனை வீட்டில் சைக்கிள் சும்மா கிடக்கிறது?
• யாருக்கு ஓட்டத் தெரியும்? அவர் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்?
• கரையைச் சரிசெய்யவும் முள்ளை வெட்டவும் கிராம சபையில் மனு கொடுக்கலாமா?

தீர்மானத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பொருளாளர் அக்கா கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். விடுமுறைக்கு வந்த மகள்தான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு தடவை விழுந்து முழங்கை சிராய்ந்தது. போன வாரம் பார்த்தபோது, "கரையில பாதி தூரம் வரைக்கும் போயிட்டேன் மேடம். மதகுகிட்ட இறங்கிடுறேன்" என்றார். அப்படித்தான் போக வேண்டும். அடுத்த தவணைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தத் தடவை மகனுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் குழுவில் யார் முதலில் ஏறப் போகிறீர்கள்?