விடுமுறைக்கும் வேலைநாளுக்கும் ஒரே சொல்

பிரெஞ்சுக்காரர் ஒருவர் இத்தாலிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பஸ் நேர அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்ற சொல்லைக் காண்கிறார். அவருடைய மொழியில் ‘ஃபெரியே’ என்றால் பொது விடுமுறை. இத்தாலியிலோ ‘ஃபெரியாலே’ என்றால் வேலைநாள்! இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. அப்படியிருக்க, இந்த வேற்றுமை வந்தது எங்ஙனம்?

தாய்ச்சொல் ‘ஃபேரியே’ என்னும் இலத்தீன் சொல். பண்டைய உரோமையருக்கு அது ஓய்வுத் திருநாள். அன்று நீதிமன்றம் கூடாது. பிரெஞ்சுக்காரரின் விடுமுறையும், ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் ‘ஃபேரியென்’ என்ற விடுமுறையும் இப்பொருளில் வந்தவை.

திருநாளில் கோவிலருகே ஜனங்கள் திரண்டனர். வியாபாரிகளும் அங்கே கடை விரித்தனர். ஆகவே அச்சொல்லுக்குச் சந்தை என்ற பொருளும் உண்டாயிற்று. இத்தாலியரின் ‘ஃபியேரா’, ஆங்கிலேயரின் ‘ஃபேர்’ ஆகியவை அவ்வழி வந்தவை.

திருச்சபையோ அச்சொல்லை வாரநாட்களுக்குச் சூட்டியது. ஞாயிறு முதல் நாள், ஆண்டவருடைய நாள். திங்கள் ‘இரண்டாம் ஃபேரியா’, செவ்வாய் ‘மூன்றாம் ஃபேரியா’ என எண்ணினார்கள். நாட்களுக்குப் பொய்த் தேவர்களின் பெயர்களை இடுவதை 6-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் மேற்றிராணியாரான அர்ச். மார்ட்டின் கண்டித்தார். அந்நகர் உள்ள போர்த்துகல் நாட்டில் இன்றும் திங்கட்கிழமையின் பெயர் ‘செகுந்தா ஃபெய்ரா’, அதாவது இரண்டாம் ஃபேரியா. அம்மொழியில் ‘ஃபெய்ரா’ என்றால் சந்தை. ‘ஃபேரியாஸ்’ என்றால் விடுமுறை. இத்தாலியரின் வேலைநாளும் திருச்சபையின் இவ்வழக்கிலிருந்து பிறந்ததே.

இன்றும் வழிபாட்டு நாட்காட்டியில், திருநாளோ அர்ச்சியசிஷ்டவர்களின் நினைவோ வராத சாதாரண வாரநாளுக்கு ‘ஃபேரியா’ என்றே பெயர்.

அன்பான பெற்றோரே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. ஞாயிறு பூசை கண்டதும் ஆண்டவருக்குரிய கடன் தீர்ந்தது, மற்ற ஆறு நாளும் நம்முடையவை என்று எண்ணுவோர் நம்மில் இல்லையா? திருச்சபையோ உழைத்துக் களைக்கும் திங்கட்கிழமைக்கும் திருநாளின் பெயரையே இட்டிருக்கிறது. உலையேற்றும் அடுப்படியும், நாம் வேலை செய்யும் பட்டறையும் வயலும் ஆண்டவருடைய நாளுக்குப் புறம்பானவை அல்ல. நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன், குடும்பமாக ஒரு சிலுவை அடையாளம் வரைந்து, அந்நாளை அவருக்கு ஒப்புக்கொடுப்போமாக.