வயது போனால் சும்மா உட்காரலாமா?



என் தாயார் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு நின்றதும், "இனி நீங்க ஒன்னும் செய்யாதீங்கம்மா, சும்மா இருங்க" என்று நாங்கள்தான் தடுத்தோம். பீலிக்குப் போகவும் விடவில்லை. ஒன்றரை வருசத்தில், கையை ஊன்றாமல் அவரால் எழும்ப முடியாமல் போனது. ஒரு மழை நாள் இஸ்தோப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பாசத்தில் செய்ததுதான், ஆனால் பிழை எங்களுடையது.

உடம்பில் நடப்பது என்ன? 30 வயதுக்குப் பிறகு, ஒவ்வொரு பத்து வருடத்திலும் நமது தசை 100க்கு 3 முதல் 8 பங்கு வரை குறைகிறது. 60க்குப் பிறகு இது இன்னும் வேகமாகும். தசையை விடப் பலம் சீக்கிரம் குறையும். அதனால்தான் சமதரையில் நல்லா நடப்பவரும் படியேறத் திணறுகிறார், கால் இடறினால் விழுந்துவிடுகிறார். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயும்.

ஆனால் எல்லாமே வயதின் வேலை இல்லை. சும்மா இருப்பதாலும் பலம் போகிறது. அப்படிப் போனதைத் திரும்ப எடுக்கலாம். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேலானது!

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய கதிரையில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 5 தடவை எழும்பி உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் போனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியவை:

1. இதே எழும்பி உட்காரும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் 8 முதல் 10 தடவை செய்யுங்கள். முதலில் கையை ஊன்றலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

2. தினமும் முடிந்த தூரம் நடக்க வேண்டும்.

3. ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி ஏதாவது ஒன்று வேண்டும்.

4. நெஞ்சு வலி, தலைச்சுற்று வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

என் தாயார் இப்போது கம்பு ஊன்றிப் பீலி வரை போய் வருகிறார். நாங்கள் தடுப்பதில்லை, கூடவே நடக்கிறோம். உங்கள் வீட்டு அப்பாயியையும் தாத்தாவையும் இன்றைக்கே கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள்.