தாமதமாக வரும் புகார்: பழைய கணினிப் பாகம் விற்றவர் எந்த வழியில் போகலாம்?

இறுதியாண்டுத் தேர்வு முடிந்து விடுதியைக் காலி செய்யும் நாட்களில், மாணவர்கள் பலர் தங்கள் கணினியைப் பிரித்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைக்காரர் கேட்கும் விலை கட்டுப்படியாகாது. அதனால் தாங்களே ஆள் பிடித்து கிராபிக்ஸ் கார்டை ஒருவருக்கும், போர்டையும் பிராசசரையும் இன்னொருவருக்கும், ரேமை வேறொருவருக்குமாகக் கைமாற்றிவிடுகிறார்கள். பணம் யூபிஐ-யில் வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு செய்தி வரும்: "ப்ரோ, நீங்க குடுத்த கார்டுல டிஸ்பிளே வரல. காசைத் திருப்பிக் குடுத்துடுங்க."

ஹார்டுவேர் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்தச் சிக்கலோடு மாணவர்கள் என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் முடிவெடுத்த பிறகே வருகிறார்கள், அதுவும் பிறர் எடுத்துக்கொடுத்த முடிவோடு. அறைத்தோழன் "நம்பரை பிளாக் பண்ணுடா, எல்லாரும் அதான் பண்றாங்க" என்றிருப்பான். அல்லது அப்பா "கேசு, ஸ்டேஷன்னு அலைய முடியாது, காசைக் குடுத்து ஆளை அனுப்பு" என்றிருப்பார். கார்டுக்கு என்ன ஆனது என்று இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மறுக்கலாம், முழுப் பணத்தையும் திருப்பலாம், பாதியில் பேசி முடிக்கலாம், ரிப்பேர் செலவைப் பகிரலாம், பொருளைச் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன், தாமதத்தின் அர்த்தம் பாகத்துக்குப் பாகம் மாறும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பாகத்தில் எவ்வளவு தாமதம்?

வளைந்தது, உடைந்தது, கீறல் விழுந்தது எல்லாம் முதல் நாளே கண்ணுக்குத் தெரியும். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 மெல்லிய முனைகள் இருக்கின்றன. பிராசசரைச் சற்றே சாய்த்து வைத்தாலும் இரண்டு மூன்று முனைகள் வளைந்துவிடலாம். இன்றைய பிராசசர்களில் மெமரி கன்ட்ரோலர் உள்ளேயே இருப்பதால், வளைந்த முனை மெமரிக்கானதாக இருந்தால் ஒரு பக்க ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். வாங்கியவர் அதை "போர்டு போச்சு" என்று சொல்வார். ஏஎம்4 பிராசசர்களில் 1331 பின்களும் பிராசசரிலேயே இருக்கும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு கூலரை இழுத்தால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் மடங்கும். இப்படிப்பட்ட சேதத்தை மூன்று வாரம் கழித்துச் சொன்னால், அது மாட்டும்போது நேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிராபிக்ஸ் கார்டின் கதை வேறு. சூடேறினால் மட்டுமே திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் காட்டும் மெமரிக் கோளாறு, சாதாரண வேலையில் வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கலாம். வாங்கியவர் பரீட்சைக்குப் படித்துவிட்டு, விடுமுறையில் பெரிய கேம் ஒன்றைப் போட்ட அன்றுதான் அது தெரிய வரும். இங்கே தாமதத்தை வைத்து அவர்மீது சந்தேகப்படக் கூடாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, அதற்கான கார்டு மைனிங் முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அப்படியொன்றை நீங்களே செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால், அதன் முழு வரலாறும் உங்களுக்குத் தெரியாது.

ரேமில் பாதிப் புகார் ரேமைப் பற்றியதே அல்ல என்பது என் அனுபவம். வாங்கியவர் தன்னிடமிருந்த வேறு ரேமோடு சேர்த்துப் போட்டு, பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் ரேம் வேக அமைப்பை இயக்கி, நீலத்திரை வந்ததும் உங்களைக் கூப்பிடுவார். எக்ஸ்எம்பி-யை அணைத்து அந்த ரேமை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். பல சமயம் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டார்கள் கெட்டு மாற்றப்பட்டன என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள் காட்டும். விற்ற அன்று அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால், இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

பிளாக் செய்வது

இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பதில் கிடைக்காதவர் அடுத்து இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்கக்கூடும். அப்படிப் புகார் பதிவானால் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. அதை விடுவிக்க அலைவதோடு ஒப்பிட்டால் நான்கு வரி பதில் எழுதுவது சிறிய வேலை. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், பேச மறுப்பவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

உடனே முழுப் பணத்தையும் கொடுப்பது

நான் மாணவர்களை வற்புறுத்தித் தடுப்பது இந்த வழியிலிருந்துதான். பார்க்க இதுவே கண்ணியமானதாகத் தெரியும். பெற்றோர் இதைத்தான் சொல்வார்கள், மனசாட்சியும் இதைத்தான் சொல்லும். அதனாலேயே இதற்கு இல்லாத மதிப்பு கூடிவிட்டது.

பணம் போன பிறகு பொருள் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. வந்தாலும் அதே பொருள் வரும் என்று சொல்ல முடியாது. ஒரே மாடல் கார்டு இரண்டு வைத்திருப்பவர் கெட்டதைத் திருப்பி அனுப்பலாம். சீரியல் ஸ்டிக்கரையே உரித்து ஒட்ட முடியும். கூரியரில் குமிழ்த்தாள் இல்லாமல் வந்த கார்டின் மூலை உடைந்திருந்தால், அது எந்தப் பயணத்தில் உடைந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்து, கொடுத்த பணம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். "உங்க கார்டுனாலதான் என் போர்டும் போச்சு" என்று இரண்டாவது கோரிக்கை வரும்போது உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. கெட்டது எது என்று பார்க்காமலே முதல் தொகையைக் கொடுத்திருக்கிறீர்களே!

மோசடிக்கும் இந்த அவசரம்தான் வாசல். உங்களுக்குப் பணம் வந்தது ஒரு கணக்கிலிருந்து, திருப்பக் கேட்பதோ வேறொரு எண்ணுக்கு. "அது அண்ணன் நம்பர், இதுக்கு அனுப்புங்க" என்றால் நின்றுவிடுங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பிப் போக வேண்டும்.

இவை எல்லாம் உங்கள் நஷ்டம். இதைவிட என்னை உறுத்துவது வாங்கியவரின் நஷ்டம். கோளாறு அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில், இருந்தால்? 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது வழக்கமான ஏடிஎக்ஸ் வரையறை. மலிவான எஸ்எம்பிஎஸ் சுமை ஏறியதும் அதற்குக் கீழே இறங்கிவிடலாம், கார்டு அணைந்துபோகலாம். நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர் அதே பணத்தில் இன்னொரு கார்டு வாங்கி, அதே எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுவார். அவரும் ஒரு மாணவராக இருக்கலாம், பகுதிநேர வேலையில் சேர்த்த காசாக இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் நன்மை. காரணம் தெரியாமல் கொடுத்த பணம் இருவரையும் இருட்டில் விடுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ₹12,000 கொடுத்துப் பிள்ளையைச் சிக்கலிலிருந்து தூக்கிவிடும்போது, நிதானமாக ஒரு சிக்கலைத் தீர்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகிறீர்கள்.

பாதிப் பணமும் ரிப்பேர் செலவும்

பாதியாகப் பேசி முடிப்பது சின்னத் தொகைக்குச் சரி. ₹800 ரேமுக்காக இருவரும் ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. பெரிய தொகைக்கு அது சமரசம் போலத் தெரிந்தாலும், நேர்மையான தரப்பு யாராக இருந்தாலும் அவருக்குப் பாதி அநியாயம் நடந்துவிடுகிறது.

அதைவிட ரிப்பேர் செலவைப் பகிர்வதை நான் அதிகம் பரிந்துரைப்பேன். இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு. நல்ல சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களோடு பழகியவன் நான். செத்துவிட்டது என்று ஒதுக்கிய கார்டுகள் ஒரு மாஸ்ஃபெட் மாற்றியதும் உயிர்பெற்றதைப் பார்த்திருக்கிறேன். வளைந்த சாக்கெட் முனையை உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் நிமிர்த்தும் கைகள் இங்கே இருக்கின்றன. குப்பைக்குப் போக வேண்டியதை ஓட வைப்பது எல்லாருக்கும் நல்லது. ஆனால் ரிப்பேர் செய்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும்.

சோதித்துவிட்டு முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் மேலாக நான் முதலிடத்தில் வைப்பது இந்த வழியைத்தான். செய்தி வந்த அன்றே பதில் அனுப்புங்கள்: "பார்க்கலாம் ப்ரோ. எப்போ ஆரம்பிச்சது, என்ன எஸ்எம்பிஎஸ், என்ன போர்டு, ஒரு வீடியோ அனுப்புங்க." பழியும் வேண்டாம், வாக்குறுதியும் வேண்டாம். பிறகு முடிந்தால் நேரில் சந்தியுங்கள். அவர் கார்டைக் கொண்டுவரட்டும், ஓடுவது உறுதியாகத் தெரிந்த ஒரு கணினியை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். ரேம் என்றால் மெம்டெஸ்ட்86 சோதனையை ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுக்க ஓட விடுங்கள். கார்டு இங்கே ஓடி அங்கே ஓடவில்லை என்றால் அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டரில் அளந்து காட்டுங்கள். இங்கேயும் ஓடவில்லை, மேலே இடித்த தடமோ கருகலோ இல்லை, நீங்கள் சொன்ன நிலையில் அது இல்லை என்றால், பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அப்போது அது பயத்தில் கொடுத்த பணமாக இருக்காது.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, மறுக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்தைத் தாண்டிப் பொருளை வைத்திருப்பவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவார். நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை, சூழலைப் பொறுத்தது. ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்றிருந்தால் தாமதத்தைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது.

அடுத்த முறை விற்கும்போதே வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். சீரியல் எண், சாக்கெட், பின்கள் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுங்கள். ஓடுவதை வீடியோவாக வைத்துக்கொள்ளுங்கள். "டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள், மாட்டும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்று எழுதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். கூரியரைவிட நேரில் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். எதிரில் நின்று ஓட்டிப் பார்த்து வாங்கியவர் பின்னால் வீண்பழி சொல்வது அரிது.

கடைசியாக ஒன்று. நண்பன் கார்டு வாங்கி விற்று லாபம் பார்க்கிறான் என்பதற்காக எல்லோரும் இதில் இறங்க வேண்டியதில்லை. சிலருக்குப் பாகங்களைத் தொட்டாலே கோளாறு புரியும், சிலருக்கு மனிதர்களிடம் பேசுவது கைவரும், சிலருக்கு இரண்டுமே சுமை. உங்களுக்கு எது இயல்பு என்பதை நேர்மையாகப் பாருங்கள். சுமையாக இருந்தால் கடைக்காரர் சொல்லும் குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஈடுபாடு உண்டு என்றால் பொறுமையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கோபத்தோடு வரும் ஒருவரின் புகாரை முழுக்கக் கேட்டு, அவருடைய கணினியைத் திறந்து, உண்மையான காரணத்தைத் தேடத் தெரிந்தவருக்கு நாளை எந்த வேலையிலும் அந்தப் பழக்கம் துணை நிற்கும். படிப்பானாலும் தொழிலானாலும் பக்கத்தில் இருப்பவர் சொன்னதற்காக முடிவெடுக்காதீர்கள். பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள், சோதியுங்கள், பிறகு முடிவெடுங்கள்.