ஏலகிரியில் ஒரு மணிக்கு இறங்கிவிடுங்கள்

ஐப்பசி பிறந்ததும் தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில் நாங்கள் செய்கிற முதல் வேலை, வண்டியைத் தெருவிலிருந்து எடுத்து மேடான இடத்தில் நிறுத்துவது. ஓர் இரவு மழை போதும், தாழ்வான தெருக்களில் சைலன்சர் வரை தண்ணீர் வந்துவிடும். அந்த மாதத்தில்தான் நான் ஆண்டுக்கொரு முறை பைக்கில் ஏலகிரி போய் அன்றைக்கே திரும்புகிறேன். போக 225 கிலோமீட்டர், வர 225.

வடக்கே குளிர் நாடுகளில் இந்த மாதங்களில் இலை சிவந்து உதிரும். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். மழையும் வாடையும் வரும், காய்ந்து கிடந்த மலை பச்சை கட்டும். கோடை விழாவுக்குப் போய் ஏலகிரியைப் பார்த்தவர்கள் அந்த மலையைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். புங்கனூர் ஏரி நிரம்பி, பாறைகளில் நீர் கசிந்து, மேகம் சாலைக்கு இறங்கி வருகிற மலையை அவர்கள் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் முறை போனபோது எனக்கு மழையின் நேரம் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் பெய்யும். உள் மாவட்டங்களிலோ பகல் வெயிலில் மேகம் திரண்டு, பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு கொட்டும். தாம்பரத்தில் விடியற்காலைத் தூறலைப் பார்த்துப் பயந்து, “வெயில் வரட்டும்” என்று எட்டு மணிக்குப் புறப்பட்டேன். மலை உச்சிக்குப் போய்ச் சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. சாப்பிட்டு, ஏரியைச் சுற்றி, நாலரைக்கு இறங்கத் தொடங்கினேன். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிகொண்டா வருவதற்குள் இருட்டிவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் எதிர் விளக்குகள் எல்லாம் நட்சத்திரமாகச் சிதறின. நாற்பது வேகத்தில் சாலை ஓரமாகவே உருட்டி, வீடு சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, துண்டை மட்டும் நீட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மலையிறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். ஒரு மணிக்கு இறங்க வேண்டும். அப்படியானால் பத்து மணிக்குள் மேலே இருக்க வேண்டும். அதற்கு விடியற்காலை நாலரைக்குச் சிட்லபாக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் தூறினால் நனைந்துகொண்டே புறப்படுங்கள். காஞ்சிபுரம் தாண்டினால் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

வண்டியை முந்தின நாளே காட்டிவிடுவேன். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒருமுறை பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, டயர் மொட்டையா இருக்கு. வெயில்ல ஓடும். மழையில மலைக்கு இதை நம்பிப் போகாதீங்க” என்றார். அன்றே மாற்றினேன். என் வண்டி 2017 மாடல் புல்லட், ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் ஈரச் சாலையில் பிரேக்கை அமுக்கிப் பிடித்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழி எனக்கு வசதி. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. விடியற்காலை ஷிப்ட் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் அங்கே நிறைய, நிதானமாகத் தாண்டுங்கள். பிறகு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலைதான். ஊர்களை ஒட்டிய இடங்களில் எதிர்த்திசையில் வருகிற இரு சக்கர வண்டிகளை எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

மலைச்சாலை பொன்னேரியில் தொடங்குகிறது. இது திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி அல்ல, திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பது. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை: பாவேந்தர், பாரதியார், கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள், பாரி, காரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள். மலைச்சாலைக்கு இதைவிட நல்ல பெயர் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டு இறங்கும்போது கபிலர் வளைவில் விழுந்தேன். வேகம் அதிகமில்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்ததுதான் தவறு. நனைந்த இலையும், அதன் அடியில் ஏதோ ஒரு வண்டி சிந்திய டீசலும் இருந்தன. பின் சக்கரம் வழுக்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு, கிளட்ச் லீவர் வளைந்தது. பின்னால் பேருந்து ஏதும் வராததால் அதோடு போயிற்று.

மலைப் பேருந்து ஓட்டுநர்கள் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, அடிவாரத்துக்கு வருமுன் பிடிப்பு குறைந்துவிடும். வேகத்தை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக நிற்கும்போதே குறைத்துவிட்டு, உள்ளே போன பிறகு கையைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கண் பள்ளத்தில் போனால் வண்டியும் பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள்.

பேருந்து திரும்ப வளைவின் முழு அகலமும் வேண்டும். எதிரில் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்று 2017-இல் வந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையே சொல்கிறது. குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வேண்டாம். அவை உணவுக்காகச் சாலைக்கு வரப் பழகி, அடுத்து வருகிறவரின் சக்கரத்தில் சிக்குகின்றன.

மேலே ஊர் இருப்பது சுமார் 1,100 மீட்டர் உயரத்தில். ஊட்டி குளிர் இல்லைதான். ஆனால் நனைந்த சட்டையோடு காற்றில் ஓட்டினால் அரைமணி நேரத்தில் விரல் மரத்துப்போகும், பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. பேகன் வளைவைத் தாண்டும்போதெல்லாம், மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை போர்த்திய அந்த வள்ளலை நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாற்றுச் சட்டையும் கையுறையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது ஆம்பூர் பிரியாணியின் மணம் சாலைவரை வரும். சீரகச் சம்பா சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் கண் செருகும். நான் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்கிறேன், வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம்.

போன ஐப்பசியில் ஒன்று பத்துக்கு இறங்கத் தொடங்கினேன். ஆம்பூரில் நின்று திரும்பிப் பார்த்தபோது மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. முடிச்சூர் வந்தபோது மணி ஆறரை. அம்மா வாசலில் இல்லை, உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் போவதானால், புறப்படும் நேரத்தோடு மலையிறங்கும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.