ஒரு வளையமும் ஒரு பட்டையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் மொழி. மனிதருக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒரு நிறுவனத்தின் சின்னம் எது, நிறம் எது, எழுத்து எவ்வகையானது, அவை எந்த அளவில் அமைய வேண்டும் என்று வரையறுத்துக் கூறும் கையேட்டை 'ஸ்டைல் கைடு' என்பர். அழகு மட்டுமே இதன் நோக்கம் என்று எண்ணிவிடலாகாது. வழி தெரியாதவருக்கு வழிகாட்டுவதே இதன் தலையாய பயன் என்பதற்கு லண்டன் மாநகரின் சுரங்க ரயில் சிறந்த சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் ரயில் நிலையச் சுவர்களில் எங்கு நோக்கினும் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே நிலையத்தின் பெயரைக் கண்டறிவது பயணிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. 1908ஆம் ஆண்டில் சிவப்பு வட்டமும், அதன் குறுக்கே நீலப் பட்டையும் கொண்ட பெயர்ப்பலகை தோன்றியது. பட்டையின்மீது வெண்ணிற எழுத்தில் நிலையத்தின் பெயர் பளிச்செனத் தெரிந்தது. விளம்பரப் பொறுப்பேற்ற ஃபிராங்க் பிக் என்பவர் சுவரொட்டிகளுக்கெனத் தனி இடங்களை ஒதுக்கினார். சுற்றியுள்ளவற்றினின்று வேறுபட்டு நிற்பதே கண்ணில் படும். வேறுபாடு என்னும் இதுவே முதல் விதி.

இரண்டாவது விதி ஒருமைப்பாடு. பலகைக்குப் பலகை எழுத்து மாறினால் படிப்பவர் தடுமாறுவர். ஆகவே பிக், எழுத்துக்கலை வல்லுநரான எட்வர்டு ஜான்ஸ்டனை அணுகி, ரயில்வேக்கெனத் தனி எழுத்தை வரைந்து தரக் கேட்டுக்கொண்டார். 1916இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பழைய ரோமானியக் கல்வெட்டு எழுத்துகளின் அளவுகளைத் தழுவியது அது. ஆயினும் வால்களும் வளைவணிகளும் இன்றி, ஒரே சீரான தடிப்புடையது. அதன் சிறிய 'ஐ' எழுத்தின்மேல் உள்ள புள்ளி வைர வடிவில் இருக்கும்.

மூன்றாவது, அளவும் வெற்றிடமும். ஜான்ஸ்டன் சிவப்பு வட்டத்தின் நடுப்பகுதியை நீக்கி, அதனை வளையமாக்கினார். இச்சின்னம் 1917இல் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பெற்றது. வளையத்தின் தடிப்புக்கும் பட்டையின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை வரையறுத்துவிட்டால், யார் வரைந்தாலும், சிறிதாயினும் பெரிதாயினும், சின்னம் ஒன்றாகவே இருக்கும்.

நான்காவது, தேவையற்றதை விலக்கல். ஹாரி பெக் என்னும் வரைவாளர் 1931இல் புதியதொரு ரயில் வரைபடம் தீட்டினார். உண்மையான தொலைவுகளையும் வளைவுகளையும் விட்டுவிட்டு, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றால் மட்டுமே தடங்களைக் காட்டினார். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம்! முதலில் ஏற்க மறுத்த அதிகாரிகள், பின்னர் 1933இல் அதனை அச்சிட்டனர். மக்கள் அதனை மகிழ்ந்து வரவேற்றனர்.

விதிகள் உறுதியானவை, எனினும் காலத்துக்கேற்பத் திருந்துபவை. ஜான்ஸ்டன் எழுத்தை 1979இல் எய்ச்சி கோனோ என்னும் ஜப்பானியக் கலைஞர் செப்பனிட்டார். 2016இல், அதன் நூற்றாண்டையொட்டி, கணினி, கைப்பேசித் திரைகளுக்கும் ஏற்றவாறு அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் அதன் சாயல் மாறவில்லை.

அன்பு மாணவியரே! நம் பள்ளிக் கண்காட்சிக்கு அட்டைகள் எழுதும்போது இவ்விதிகளைக் கடைப்பிடித்துப் பாருங்கள். தலைப்புக்கு ஓர் அளவு, விளக்கத்துக்கு ஓர் அளவு என முன்னரே முடிவு செய்யுங்கள். இரண்டு அல்லது மூன்று நிறங்களே போதும். ஓரங்களில் தாராளமாக இடம் விடுங்கள். எல்லா வகுப்பினரும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். பூ வேலையும் சரிகைத்தாளும் அதன்பின் வரட்டும். கண் மங்கிய பாட்டியும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமியும், ஊருக்குப் புதியவரும் யாரிடமும் கேட்காமல் படித்தறியும்படி ஒரு பலகையை எழுதி வைப்பதும் பிறரன்புப் பணியே அன்றோ?