கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பது எதற்காக?

நம்பிக்கை: லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவையில் கர்ப்பப்பையின் உடலை மட்டும் எடுத்து வாய்ப்பகுதியை விட்டுவைத்தால் தாம்பத்திய சுகமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நிலைக்கும், முழுவதும் எடுத்தால் இரண்டும் கெடும்.

உண்மை: 1980களில் பின்லாந்தில் வெளியான ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்கு வலுவூட்டின. யாருக்கு எந்த அறுவை என்பது அவற்றில் குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. ஆகவே பலன் அறுவையால் வந்ததா, பெண்களின் உடல்நிலையால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. லண்டனில் 279 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. சிறுநீர், மலம், தாம்பத்தியம் மூன்றிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2012இல் 9 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே உறுதிசெய்தது. லண்டன் ஆய்வு வயிற்றைத் திறந்து செய்த அறுவையைப் பற்றியதுதானே என்று கேட்கலாம். சிறுதுளை அறுவையால் காயம் சிறிதாகும், வீடு திரும்பும் நாள் முந்தும். ஆனால் வாயை வைப்பதா எடுப்பதா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் விட்டுவைப்பதில் பயனே இல்லையா? உண்டு. முந்தைய சிசேரியன்களால் சிறுநீர்ப்பை கர்ப்பப்பை வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே கத்தி வைக்காமலிருப்பது பாதுகாப்பு. ஆனால் அதற்கு விலையும் உண்டு. லண்டன் ஆய்வில் வாயை வைத்துக்கொண்டவர்களில் 6.8 சதவீதத்தினருக்கு மாதாமாதம் உதிரப்போக்கு தொடர்ந்தது. மேலும், வாயை விட்டுவைத்துச் சிறுதுளை வழியே கர்ப்பப்பையைத் துண்டாக்கி எடுக்கும்போது நார்க்கட்டி என்று நினைத்தது புற்றுநோயாக இருந்தால், அது வயிற்றுக்குள் பரவக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2014இல் இதை எச்சரித்தது. துண்டாக்குவதானால் அதற்கான தனிப் பைக்குள் வைத்தே செய்ய வேண்டும் என்று பிறகு வலியுறுத்தியது.

வாயை விட்டாலே அதில் புற்றுநோய் வந்துவிடும் என்ற எதிர்ப்பக்க அச்சமும் சரியல்ல. அந்தப் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி. வைரஸே முக்கியக் காரணம். பரிசோதனையில் வாய் நலமாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘கர்ப்பப்பையே இல்லையே’ என்று பரிசோதனையை நிறுத்தக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: வாயைப் பரிசோதித்தீர்களா, ஏன் விட்டுவைக்கிறீர்கள், கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பீர்கள்? ‘தாம்பத்தியத்துக்கு நல்லது’ என்பது மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டால், அதற்கு ஆதாரம் இல்லை.